பொது மெயில்பொக்ஸுக்குத் தானியங்கிப் பதில் அமைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

கந்தோரின் பொது முகவரிக்கு வரும் மெயிலுக்கு, ‘கிடைத்தது, நாளை பார்க்கிறோம்’ என்று தானாகவே ஒரு பதில் போக வேண்டும். கேட்டால் ஒரு மணி நேர வேலை போலத்தான் இருக்கும். மட்டக்களப்பிலும் கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்திலும் புதியவர்கள் இதை அமைப்பதைக் கூட இருந்து பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் எல்லாரும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். பதிலை அழகாக எழுதி, ஓட விட்டு, அதற்குப் பிறகுதான் ‘யாருக்கெல்லாம் இது போகக் கூடாது’ என்று யோசிக்கிறார்கள். இங்கே வரிசை தலைகீழ்: பதில் போகாதவர்கள் முதலில், பதிலின் வாசகம் கடைசியில்.

மைக்ரோசொஃப்ட் 365 மெயிலும் பவர் ஓட்டோமேட்டும் உள்ள இடத்துக்கு எழுதுகிறேன். பவர் ஓட்டோமேட் என்பது வேலைகளைத் தானாகச் செய்ய வைக்கும் மைக்ரோசொஃப்ட் சேவை; அதில் நாம் அடுக்கும் படிகளின் தொடர்தான் ‘ஃப்ளோ’. உதாரணத்துக்கு ஒரு நிறுவனத்தை வைத்துக்கொள்வோம்: அறுவடை மெஷின் உதிரிப்பாகம் விற்கிறது, தலைமையகம் மட்டக்களப்பு நகரில், கிளை கல்முனையில். பெரும்போக அறுவடை தொடங்கிவிட்டால் அதன் விசாரணை முகவரிக்கு இரவு பகல் பாராமல் மெயில் வரும். மெனுப் பெயர்கள் திரையில் ஆங்கிலத்தில் இருக்கும். நான் ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன்.

1. முதலில் ஒரு கேள்வி: ஃப்ளோ தேவைதானா?

ஒருவர் லீவில் போகிறார், அவருடைய மெயிலுக்குப் பதில் போனால் போதும் என்றால் இத்தனை வேலை வேண்டாம். அவுட்லுக்கில் ‘ஓட்டோமேட்டிக் ரிப்ளைஸ்’ இருக்கிறது. தொடங்கும் நேரம், முடியும் நேரம் கொடுக்கலாம். நிறுவனத்துக்குள் ஒரு வாசகம், வெளியாருக்கு வேறு வாசகம் வைக்கலாம். ஒரே ஆள் பத்து மெயில் போட்டாலும் அவருக்கு ஒரு தடவைதான் பதில் போகும். நிறுத்தி மறுபடி போட்டால் அந்தக் கணக்குப் புதிதாகத் தொடங்கும். பொது மெயில்பொக்ஸுக்கும் அட்மின் இதைப் போட்டுத் தரலாம்.

அவுட்லுக் ரூல்ஸில் ‘ஒரு டெம்ப்ளேட்டை வைத்துப் பதில் அனுப்பு’ என்ற வசதியும் உண்டு. அதை நம்பாதீர்கள். அது உங்கள் கம்ப்யூட்டரில் அவுட்லுக் திறந்திருக்கும்போது மட்டுமே வேலை செய்யும். பின்னேரம் மெஷினை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனால் பதிலும் நின்றுவிடும்; பதில் அதிகம் தேவைப்படுவதோ அந்த நேரத்தில்தான்.

வேலை நேரத்துக்கு ஒரு பதில், நேரம் கடந்தால் வேறு பதில், போயாவுக்கு இன்னொன்று, கல்முனைக் கிளைக்குத் தனியாக ஒன்று என்று பிரிக்க வேண்டிவந்தால் ஃப்ளோ தேவை. அது மைக்ரோசொஃப்ட்டின் சேர்வரில் ஓடுகிறது. உங்கள் கந்தோரில் கரண்ட் இல்லாவிட்டாலும் ரவுட்டர் செத்துக் கிடந்தாலும் அதற்குக் கவலை இல்லை.

2. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு ஷெயார்ட் மெயில்பொக்ஸ், அதாவது பலர் சேர்ந்து பார்க்கும் பொது மெயில்பொக்ஸ். 50 ஜிபி வரை இதற்குத் தனி லைசன்ஸ் தேவையில்லை. ஒரு ஊழியரின் சொந்த மெயிலையே விசாரணை முகவரியாகப் பாவிக்கிறீர்கள் என்றால் முதலில் அதைப் பிரித்தெடுங்கள். அந்த ஆள் வேலையை விட்டுப் போகும் நாளில் எல்லாம் சேர்ந்து போகும்.

ஃப்ளோவை ஓட்ட ஒரு கணக்கு. முடிந்தால் யாருடைய பெயரிலும் இல்லாத, இந்த மாதிரி வேலைகளுக்கென்றே வைத்திருக்கும் கணக்காக இருக்கட்டும். அதற்கு லைசன்ஸ் வேண்டும். அந்த மெயில்பொக்ஸின் மேல் ‘ஃபுல் எக்செஸ்’, ‘சென்ட் ஏஸ்’ என்ற இரண்டு அனுமதியும் வேண்டும். முதலாவதை மட்டும் கேட்டு வாங்குபவர்கள்தான் அதிகம். மெயிலை வாசிக்க முடியும், அனுப்பப் போகும்போது கடைசிப் படியில் ஃப்ளோ சிவப்பாகும். அட்மின் அனுமதி கொடுத்த உடனே அது எல்லா இடத்துக்கும் போய்ச் சேராது, கொஞ்ச நேரம் பொறுங்கள்.

ஷெயார்பொயின்ட்டில் (மைக்ரோசொஃப்ட் 365இல் கோப்பும் பட்டியலும் பகிர்ந்து வைக்கும் சேவை) பட்டியல் போட ஒரு இடம். எக்செல் கோப்பில் வைக்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம், யாராவது அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருந்தால் ஃப்ளோ எழுத முடியாமல் நிற்கக்கூடும்.

சோதனைக்கு வெளியே இரண்டு முகவரிகள், அதில் ஒன்று ஜிமெயிலாக இருக்கட்டும். ஏன் என்று 8ஆம் படியில் தெரியும். மேலதிகக் கட்டணம் எதுவும் வராது: இங்கே பாவிக்கும் அவுட்லுக், ஷெயார்பொயின்ட் கொனெக்டர் (ஃப்ளோவை அந்தச் சேவையோடு இணைப்பது) இரண்டுமே சாதாரண வகை, பிரீமியம் இல்லை.

3. யாருக்குப் பதில் போகக் கூடாது

வேலையின் பாதி இதுதான். அவசரப்படாமல் செய்யுங்கள்.

முதலில் ஆபத்து எப்படி வருகிறது என்று பாருங்கள். கொழும்பில் உள்ள ஒரு சப்ளையரின் உதவி மையம் உங்களுக்கு ஒரு மெயில் அனுப்புகிறது. உங்கள் ஃப்ளோ ‘கிடைத்தது’ என்கிறது. அந்தப் பக்கம் இருப்பது மனிதன் இல்லை, டிக்கெட் போடும் சிஸ்டம். அது உங்கள் ‘கிடைத்தது’ என்பதைப் புதிய முறைப்பாடாக எடுத்து, புது இலக்கம் போட்டு, ‘உங்கள் முறைப்பாடு பதிவாகியது’ என்று திருப்பி அனுப்புகிறது. உங்கள் ஃப்ளோ அதற்கும் ‘கிடைத்தது’ என்கிறது. காலையில் வந்து பார்த்தால் இன்பொக்ஸ் முழுக்க ஒரே மாதிரி மெயில், தலைப்பில் இலக்கம் மட்டும் ஒவ்வொன்றாக ஏறியிருக்கும். மைக்ரோசொஃப்ட் ஒரு மெயில்பொக்ஸிலிருந்து நாளொன்றுக்கு 10,000 பேருக்கு மேல் அனுப்ப விடாது. இந்தச் சுற்று அந்த எல்லையை நோக்கித்தான் ஓடும்.

இதைத் தடுக்க மெயில் உலகம் ஏற்கெனவே ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறது. 2004இல் வந்த ஆர்எஃப்சி 3834 என்ற ஆவணம் தானியங்கிப் பதில்களுக்கானது. தானாக உருவான மெயில், தான் தானியங்கி என்று ஹெடரில் (மெயிலோடு மறைவாக வரும் தகவல் வரிகளில்) சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லும் மெயிலுக்கு இன்னொரு தானியங்கி பதில் போடக் கூடாது. நாம் செய்யப் போவதும் அதுதான்.

ஹெடரைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். இணையத்தில் அவுட்லுக்கைத் திறந்து, யாராவது அனுப்பிய லீவு அறிவிப்பு மெயில் ஒன்றைத் திறந்து, மூன்று புள்ளியை அழுத்தி, ‘வியூ’, ‘வியூ மெசேஜ் டீட்டெய்ல்ஸ்’ என்று போங்கள். நீளமான எழுத்துக் குவியல் வரும். அதற்குள் ‘ஓட்டோ-சப்மிட்டட்’ என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள்.

இப்போது ரூல் போடுவோம். கவனம்: ரூலை ஷெயார்ட் மெயில்பொக்ஸுக்குள் போட வேண்டும், உங்கள் சொந்த மெயிலில் இல்லை. மேல் வலப்பக்கம் உங்கள் படத்தை அழுத்தி ‘ஓபன் அனதர் மெயில்பொக்ஸ்’ கொடுத்து அதைத் தனியாகத் திறந்து, அங்கே செட்டிங்ஸில் ‘மெயில்’, ‘ரூல்ஸ்’. சொந்த மெயிலில் ரூலைப் போட்டுவிட்டு ‘வேலை செய்யவில்லை’ என்பவர்கள் எண்ணிக்கையில் குறைவில்லை.

‘பதில் வேண்டாம்’ என்று ஒரு போல்டர் உருவாக்குங்கள். பிறகு ‘மெசேஜ் ஹெடர் இன்க்ளூட்ஸ்’ என்ற நிபந்தனையில் கீழ்க்கண்டவற்றை ஆங்கிலத்தில் தட்டுங்கள். இதில் எது இருந்தாலும் மெயில் அந்தப் போல்டருக்குப் போக வேண்டும்.

‘ஓட்டோ-சப்மிட்டட்: ஓட்டோ-’. முக்காற்புள்ளிக்குப் பிறகு ஒரு இடைவெளி, கடைசியில் சிறுகோடு. முன்பாதியை மட்டும் போட்டால் தவறு. ‘ஓட்டோ-சப்மிட்டட்: நோ’ என்றும் வரலாம், அது மனிதன் அனுப்பியது என்று பொருள்.

‘எக்ஸ்-ஓட்டோ-ரெஸ்பொன்ஸ்-சப்ரெஸ்’. இது மைக்ரோசொஃப்ட்டின் வழக்கம். ‘எனக்குத் தானாகப் பதில் போடாதே’ என்று அனுப்புகிறவர் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்.

‘லிஸ்ட்-அன்சப்ஸ்கிரைப்’, ‘லிஸ்ட்-ஐடி’, ‘பிரிசிடென்ஸ்: பல்க்’. விளம்பரம், செய்திமடல், குழு மெயில் எல்லாம் இவற்றில் பெரும்பாலும் அகப்படும்.

‘டிமார்க்=ஃபெயில்’. அனுப்பியவர் முகவரி பொய்யாக இருக்கலாம் என்று மைக்ரோசொஃப்ட்டின் சேர்வரே எழுதி வைக்கும் குறி. பொய் முகவரிக்குப் பதில் போட்டால், இதற்குச் சம்பந்தமே இல்லாத ஒருவர் உங்கள் பெயரில் குப்பை மெயில் பெறுவார். அது தொடர்ந்தால் உங்கள் டொமெய்னின் (முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பகுதி) பெயர் கெடும்.

ஹெடர் போடாத முரட்டு மெஷின்களும் உண்டு. கந்தோர் ஸ்கேனர், சிசிடிவி பெட்டி, கைரேகை வரவு மெஷின், பழைய பில்லிங் சொஃப்ட்வேர் இவையெல்லாம் சாதாரண மனிதன் மாதிரியே மெயில் அனுப்பும். இவற்றுக்கு இரண்டாவது ரூல், முகவரியை வைத்து: ‘நோ-ரிப்ளை’, ‘நோரிப்ளை’, ‘மெய்லர்-டீமன்’, ‘போஸ்ட்மாஸ்டர்’, ‘பௌன்ஸ்’ ஆகிய சொற்கள் அனுப்புநர் முகவரியில் இருந்தால் ஒதுக்குங்கள். உங்கள் சொந்த டொமெய்னிலிருந்து வருவதற்கும் பதில் தேவையில்லை. ஆனால் அதை இந்தப் போல்டருக்குத் தள்ளாதீர்கள், ஊழியர்கள் அனுப்புவது அதில் மறைந்துபோகும். 5ஆம் படியில் ஃப்ளோவுக்குள்ளேயே பார்த்துக்கொள்வோம்.

இணையத்தளப் படிவம் வழியாக விசாரணை வருகிறதென்றால் அது பெரும்பாலும் உங்கள் தளத்தின் நோரிப்ளை முகவரியிலிருந்தே வரும். அவர்களுக்கான ‘கிடைத்தது’ செய்தியைப் படிவமே அனுப்பட்டும். அந்த முகவரிக்கு மட்டும் இரண்டாவது ரூலில் விதிவிலக்குப் போடுங்கள். இல்லாவிட்டால் வாடிக்கையாளர் விசாரணையே ஒதுக்கப்பட்ட போல்டரில் தூங்கும்.

ரூல்களைப் போட்ட பின் உடனே அடுத்த படிக்கு ஓடாதீர்கள். ஒரு வாரம் அப்படியே விடுங்கள். எந்த மெயில் தவறாக அங்கே போகிறது, எந்த மெஷின் மெயில் இன்னும் இன்பொக்ஸில் விழுகிறது என்று பார்த்துத் திருத்துங்கள். பதில் எதுவும் இன்னும் போகவில்லை, ஆகவே பிழை விட்டாலும் நட்டமில்லை.

4. மூன்று பட்டியல்கள்

ஷெயார்பொயின்ட்டில் மூன்று லிஸ்ட் தேவை.

முதலாவது ‘யாருக்குப் பதில் போனது’. இரண்டு நிரல்கள் போதும்: முகவரி, கடைசிப் பதில் நேரம். ரூல்களுக்குத் தப்பி எந்த மெஷின் உள்ளே வந்தாலும் சுற்றை உடைப்பது இதுதான். பவர் ஓட்டோமேட் வழியாகப் போகும் பதிலில் ‘ஓட்டோ-சப்மிட்டட்’ ஹெடரை நம்மால் போட முடியாது. வெளியே இருப்பவருக்கு நம் பதில் மனிதன் எழுதியது போலவே தெரியும், அவர் பக்கத்துத் தானியங்கி தயங்காமல் திருப்பிப் பதில் போடும். ஆகவே நினைவு வைத்துக்கொள்ளும் பொறுப்பு முழுக்க நம் பக்கம். முகவரி நிரலை இப்போதே இன்டெக்ஸ் செய்துவிடுங்கள், அதாவது விரைவாகத் தேடும்படி லிஸ்ட் செட்டிங்ஸில் குறித்துவிடுங்கள். 5,000 வரி தாண்டிய பிறகு இன்டெக்ஸ் இல்லாத நிரலில் தேடினால் ஷெயார்பொயின்ட் மறுத்துவிடும்.

எத்தனை நாளுக்கு ஒரு தடவை? ஜிமெயில் லீவுப் பதில் ஒரே ஆளுக்கு நான்கு நாளுக்கு ஒன்று. பழைய யுனிக்ஸ் சேர்வர்களில் ஏழு நாள். அது தனி ஆளின் லீவுக்குச் சரி. விசாரணை முகவரிக்கு 24 மணி நேரம் என்பது என் கணக்கு. திங்கள் பெல்ட் கேட்டவர் புதன் பேரிங் கேட்டால் அவருக்கும் ஒரு பதில் போகட்டும். மெஷினோடு மாட்டிக்கொண்டாலும் நாளுக்கு ஒரு மெயிலோடு நின்றுவிடும்.

இரண்டாவது ‘விடுமுறை நாட்கள்’. திகதி, எந்த இடம் என்று இரண்டு நிரல். போயா ஒவ்வொரு ஆண்டும் மாறும், பெருநாள் பிறையைப் பொறுத்தது. ஆகவே சூத்திரம் தேடாதீர்கள், ஆண்டுத் தொடக்கத்தில் கையால் போடுங்கள், பெருநாளை அந்த நேரத்தில் திருத்துங்கள்.

மூன்றாவது ‘வாசகங்கள்’. பதிலின் எழுத்தை ஃப்ளோவுக்குள் எழுதாமல் இங்கே வைப்பதற்குக் காரணம் உண்டு. கார்த்திகை, மார்கழியில் வெள்ளம் வந்து பாதை மூடினால், முகாமையாளர் வீட்டிலிருந்து போனிலேயே ஒரு வரியை மாற்ற வேண்டும். ஃப்ளோவைத் திறக்கச் சொல்லி உங்களைத் தேடக் கூடாது. வேலை நேரம், நேரத்துக்குப் பிறகு, விடுமுறை, அவசரம் என்று நான்கு வரி. ‘ஸ்விட்ச்’ என்று ஐந்தாவது வரி: அதில் ‘ஓன்’ அல்லது ‘ஓஃப்’ மட்டும்.

5. ஃப்ளோவின் தொடக்கம்

பவர் ஓட்டோமேட்டில் ‘ஓட்டோமேட்டட் கிளவுட் ஃப்ளோ’ தெரிவு செய்து, ‘வென் எ நியூ ஈமெயில் அரைவ்ஸ் இன் எ ஷெயார்ட் மெயில்பொக்ஸ்’ என்ற ட்ரிகரை (ஃப்ளோவைத் தொடக்கிவிடும் நிகழ்வு) எடுங்கள். இதே பெயரில் ‘ஷெயார்ட்’ இல்லாத ஒன்றும் மேலேயே நிற்கும். அதை எடுத்தால் ஃப்ளோ உங்கள் சொந்த இன்பொக்ஸைப் பார்த்துக்கொண்டிருக்கும். உங்கள் நண்பர்களுக்கெல்லாம் கம்பனியின் பதில் போகும்.

போல்டர் இன்பொக்ஸாக இருக்கட்டும். 3ஆம் படியின் ரூல்கள் வேண்டாததை ஏற்கெனவே வேறு போல்டருக்கு நகர்த்திவிட்டதால் ட்ரிகரின் கண்ணில் அது படாது.

ட்ரிகரின் செட்டிங்ஸில் ‘கொன்கரன்ஸி கொன்ட்ரோல்’ போட்டு எண்ணை 1 ஆக்குங்கள். ஒரே ஆள் இரண்டு மெயிலை அடுத்தடுத்து அனுப்பினால் இரண்டு ஓட்டமும் ஒரே நேரத்தில் பட்டியலைப் பார்த்து ‘இவருக்கு இன்னும் பதில் போகவில்லை’ என்று முடிவு செய்துவிடும். ஒன்று முடிந்து மற்றது தொடங்கினால் அந்தச் சிக்கல் இல்லை. ஒரு தடவை போட்டால் இதைக் கழற்ற முடியாது, ட்ரிகரையே அழித்துப் புதிதாகப் போட வேண்டும். இந்த வேலைக்கு அது பரவாயில்லை.

அடுத்து, மலிவான கேள்விகளை முதலில் கேளுங்கள். ஸ்விட்ச் ‘ஓஃப்’ என்றால் நிறுத்து. அனுப்பியவர் நம் டொமெய்ன் என்றால் நிறுத்து. ‘டூ’ அல்லது ‘சிசி’யில் நம் முகவரி இல்லை என்றால் நிறுத்து, மறைவில் நூறு பேருக்குப் போட்ட மெயிலுக்கு நாம் பதில் சொல்ல வேண்டியதில்லை. பழைய முகவரி ஒன்றும் இன்னும் இயங்குகிறதென்றால் அதையும் இந்தக் கேள்வியில் சேருங்கள்.

நிறுத்துவதற்கு ‘டெர்மினேட்’ பாவியுங்கள், நிலையை ‘கேன்சல்ட்’ என்று வையுங்கள். ‘ஃபெயில்ட்’ என்று வைத்தால் உண்மையான பிழை எது, வேண்டுமென்றே நிறுத்தியது எது என்று பிறகு பிரித்தறிய முடியாது. தொடர்ந்து 14 நாள் தோல்வியடையும் ஃப்ளோவை மைக்ரோசொஃப்ட் தானாகவே அணைத்தும் விடும்.

இப்போது ‘கெட் ஐட்டம்ஸ்’ கொண்டு முதல் பட்டியலில் அனுப்புநர் முகவரியைத் தேடுங்கள். முகவரியில் ஒற்றை மேற்கோள் குறி இருந்தால் தேடல் உடையும். நம் ஊர்ப் பெயர்களில் வராது, வெளிநாட்டுக்காரர் சிலரின் பெயரில் வரும். ‘ரிப்ளேஸ்’ ஃபங்ஷனால் அந்தக் குறியை இரட்டிப்பாக்கிவிட்டுத் தேடுங்கள். வரி கிடைத்து, அதிலுள்ள நேரம் கடந்த 24 மணிக்குள் என்றால் நிறுத்து.

கடைசியாக ஒரு பிரேக். அதே பட்டியலில் கடந்த ஒரு மணி நேரத்தில் எழுதப்பட்ட வரிகளை எண்ணுங்கள். வழக்கமாக வருவதைவிடப் பல மடங்கு என்றால் (ஐந்து வரும் இடத்தில் நாற்பது என்று வைத்துக்கொள்ளுங்கள்) ஸ்விட்ச் வரியை ‘ஓஃப்’ ஆக்கி, உங்களுக்கு ஒரு மெயில் போட்டு, நிறுத்து. பொய் முகவரிகளிலிருந்து வெள்ளமாக மெயில் வரும்போது ஆளுக்கு ஒரு பதில் என்ற விதி உதவாது. ஒவ்வொன்றும் புது ஆள்.

6. நேரமும் நாளும்

ஃப்ளோவின் கடிகாரம் யூடிசி, அதாவது உலகப் பொது நேரம். நாம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால். இதைச் சும்மா விட்டால் திங்கள் விடிகாலை 5 மணிக்கு வந்த மெயிலை ஃப்ளோ ஞாயிறு இரவு 11.30 என்று எண்ணும். ‘ஞாயிற்றுக்கிழமை விடுமுறை, நாளை பார்ப்போம்’ என்று திங்கட்கிழமை பதில் போகும். வாடிக்கையாளர் செவ்வாய் வரை காத்திருப்பார்.

‘கொன்வேர்ட் டைம் ஸோன்’ என்ற செயலைப் போட்டு, யூடிசியிலிருந்து ‘ஸ்ரீ ஜயவர்தனபுர’ என்று எழுதியிருக்கும் வலயத்துக்கு மாற்றுங்கள். கொழும்பு என்று தேடினால் கிடைக்காமல் சிலர் சென்னையைத் தெரிவு செய்கிறார்கள். மணி ஒன்றுதான், இருந்தாலும் சரியானது இருக்கும்போது அதையே எடுக்கலாம். மாற்றிய நேரத்திலிருந்துதான் கிழமையும் மணியும் எடுக்க வேண்டும். ‘டே ஒஃப் வீக்’ ஃபங்ஷனில் ஞாயிறு 0, வெள்ளி 5, சனி 6.

கேட்கும் வரிசை: அவசர வாசகம் இருக்கிறதா, இன்று விடுமுறைப் பட்டியலில் இருக்கிறதா, ஞாயிறா, வேலை நேரமா. பொதுவானதை முதலில் கேட்டால் போயா நாளில் காலை 10 மணிக்கு ‘இன்றே பார்க்கிறோம்’ என்று போய்விடும்.

கல்முனைக் கிளைக்கு இன்னொரு கேள்வி வேண்டும்: வெள்ளி மதியம் ஜும்ஆ நேரம். 12 மணியிலிருந்து 2 மணி வரை என்று வைத்தால் ‘2 மணிக்குப் பிறகு தொடர்புகொள்கிறோம்’ என்று போகட்டும். கிளைக்கு வேறு மெயில்பொக்ஸ் என்றால் ஃப்ளோவைப் பிரதியெடுத்து இதை மட்டும் சேருங்கள். ஒரே ஃப்ளோவுக்குள் இரண்டு கிளையையும் அடைக்க வேண்டாம், பிறகு ஒன்றைத் தொட்டால் மற்றது உடையும்.

7. வாசகம்

தமிழை யுனிகோடில் தட்டுங்கள். பழைய கோப்பிலிருந்து பாமினியில் தட்டியதை வெட்டி ஒட்டினால் உங்கள் திரையில் வேண்டுமானால் அழகாகத் தெரியும். அந்த ஃபொன்ட் இல்லாதவரின் போனில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் போய் விழும். உங்களுக்குச் சரியாகத் தெரிவதால் யாராவது சொல்லும்வரை தெரியவும் வராது. வாசகத்தை ஒட்டிய பிறகு போனில் திறந்து பாருங்கள்.

வந்த மெயிலின் மொழியைக் கண்டுபிடித்து அந்த மொழியில் பதில் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. முயலாதீர்கள். தமிழையே ஆங்கில எழுத்தில் எழுதி அனுப்புகிறவர்கள் பாதிப் பேர். அம்பாறை மாவட்டத்துக்கும் சேர்த்து வியாபாரம் என்றால் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றையும் ஒரே மெயிலில் வையுங்கள், ஒவ்வொன்றும் மூன்று வரிக்கு மேல் போகாமல். சிங்களத்தை மெஷின் மொழிபெயர்ப்போடு விடாமல் சிங்களம் பேசும் ஒருவரிடம் காட்டுங்கள்.

மூன்று வரியில் என்ன? மெயில் கிடைத்தது, மனிதர் ஒருவர் எப்போது பார்ப்பார், அவசரம் என்றால் எந்த இலக்கம். ‘விரைவில்’ என்று எழுதாதீர்கள், ‘அடுத்த வேலை நாள் மதியத்துக்குள்’ என்று எழுதுங்கள், அதுவும் உண்மையில் செய்ய முடிந்தால் மட்டும். இலக்கம் கந்தோர் இலக்கமாக இருக்கட்டும். வெளிநாட்டிலிருந்தும் மெயில் வருமென்றால் மட்டக்களப்பின் 065ஐ +94 65 என்றும், கல்முனையின் 067ஐ +94 67 என்றும் எழுதுங்கள்.

‘உங்கள் ஓடர் உறுதியாகியது’ போன்ற வார்த்தை எதுவும் கூடாது. மெயிலில் என்ன எழுதியிருக்கிறது என்று ஃப்ளோவுக்குத் தெரியாது.

8. அனுப்பும் படியும் சோதனையும்

முதலில் பட்டியலில் எழுதுங்கள், பிறகு அனுப்புங்கள். வரிசை மாறி, அனுப்பிய பின் எழுதும் படி தோற்றால் அந்த ஆளை ஃப்ளோ மறந்துவிடும், சுற்றுக்குக் கதவு திறக்கும். எழுதிய பின் அனுப்புவது தோற்றால் ஒருவருக்கு ஒரு நாள் பதில் போகாது, அவ்வளவுதான்.

அனுப்ப ‘ரிப்ளை டு ஈமெயில்’ வேண்டாம், ‘சென்ட் என் ஈமெயில் ஃப்ரொம் எ ஷெயார்ட் மெயில்பொக்ஸ்’ எடுங்கள். ரிப்ளை என்றால் வந்த மெயிலும் கீழே ஒட்டிக்கொண்டு போகும். வந்தது குப்பை மெயில் என்றால் அந்தக் குப்பையை உங்கள் டொமெய்னே சுமந்து செல்லும். தலைப்பையும் வந்ததிலிருந்து எடுக்காமல், ‘ஓட்டோமேட்டிக் ரிப்ளை’ என்று ஆங்கிலத்தில் தொடங்கி, பக்கத்தில் தமிழில் நிறுவனப் பெயரோடு நிலையாக வையுங்கள். ஹெடர் போட முடியாத நிலையில், தலைப்பைப் பார்த்து ஒதுக்கும் சிஸ்டங்களுக்காவது இது அடையாளம்.

வந்த மெயிலை ‘படித்தது’ என்று குறிக்கும் படியைச் சேர்க்காதீர்கள். பதில் போய்விட்டதே என்று சிலர் சேர்க்கிறார்கள். காலையில் வருகிற ஊழியர் தடித்த எழுத்தில் இல்லாத மெயிலைத் திறக்கமாட்டார்.

சோதனையின்போது ட்ரிகரின் தலைப்பு வடிகட்டியில் ஒரு இரகசியச் சொல்லை வையுங்கள், அந்தச் சொல் உள்ள மெயிலுக்கு மட்டும் ஃப்ளோ ஓடும். வெளி முகவரியிலிருந்து ஒன்று அனுப்புங்கள். சில நிமிடம் தாமதம் இருக்கலாம், அது பிழையில்லை. அதே முகவரியிலிருந்து உடனே இன்னொன்று, இதற்குப் பதில் வரக் கூடாது. இன்றைய திகதியை விடுமுறைப் பட்டியலில் போட்டுவிட்டு மற்ற முகவரியிலிருந்து ஒன்று. சரி, இனி முக்கியமானது: வடிகட்டியைக் கழற்றுங்கள், அந்த ஜிமெயிலில் லீவுப் பதிலைப் போடுங்கள், பட்டியலில் அதன் வரியை அழியுங்கள், அங்கிருந்து ஒன்று அனுப்புங்கள். உங்கள் பதில் போகும், ஜிமெயில் திருப்பிப் பதில் போடும், அந்த மெயில் ‘பதில் வேண்டாம்’ போல்டரில் விழ வேண்டும். இன்பொக்ஸில் விழுந்தால் 3ஆம் படியின் ரூலில் எழுத்துப் பிழை இருக்கிறது.

ஓட விடுவதற்குத் திங்கள் அல்லது செவ்வாய் காலை நல்லது. வெள்ளி பின்னேரம் ஓட விட்டுவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள்.

9. ஓட விட்ட பின்

ஓட்ட வரலாறு 28 நாள்தான் இருக்கும். முதல் வாரம் தினமும் திறந்து, ‘கேன்சல்ட்’ ஆனவற்றில் நான்கைந்தைச் சொடுக்கி, எந்தக் கேள்வியில் நின்றது என்று பாருங்கள். வாடிக்கையாளர் ஒருவர் தவறாக நிறுத்தப்படுவது இங்கேதான் தெரியும். அவராக வந்து ‘எனக்கு உங்கள் தானியங்கிப் பதில் வரவில்லை’ என்று முறையிடப் போவதில்லை.

ஃப்ளோவுக்கு இன்னொருவரை இணை உரிமையாளராகப் போடுங்கள். கொனெக்ஷன் வைத்திருக்கும் கணக்கின் பாஸ்வேர்ட் மாறினால் ஃப்ளோ நிற்கலாம். அந்த நாளில் நீங்கள் கொழும்பு பஸ்ஸில் இருந்தால் இணை உரிமையாளர் உள்ளே போய்க் கொனெக்ஷனைச் சரிசெய்யட்டும்.

சுற்று ஒன்று தொடங்கிவிட்டது என்று தெரிந்தால் இன்பொக்ஸைச் சுத்தம் செய்ய உட்காராதீர்கள். போனில் ‘வாசகங்கள்’ பட்டியலைத் திறந்து ஸ்விட்சை ‘ஓஃப்’ ஆக்குங்கள். அடுத்து, வந்து குவிந்த மெயிலில் ஒன்றின் ஹெடரைத் திறந்து, அதில் எந்த வரி அதைக் காட்டிக்கொடுக்கிறது என்று பார்த்து ரூலில் சேருங்கள். எதுவும் இல்லையென்றால் முகவரியையே சேருங்கள். அது முடிந்த பிறகு ஸ்விட்சை ‘ஓன்’ செய்யுங்கள். குவிந்ததை அழிப்பது எப்போது வேண்டுமானாலும் செய்யலாம்.